தேன் எடுப்பவரின் இடது கை

அறந்தாங்கிப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் ஒரு தேனீப் பண்ணை இருந்தது. எங்கள் நாட்டு மருந்துக் கடைக்கு அங்கேதான் தேன் வாங்கப் போவேன். தேனடைச் சட்டங்களை டிரம்முக்குள் வைத்து, கைப்பிடியைச் சுற்றித் தேனைப் பிரிப்பவர் ஒரே ஆள்தான். நெட்டையானவர். புருவ முடி உதிர்ந்த முகம். இடது கையில் இரண்டு விரல்கள் மடங்கியே இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு தேனீயைப் பிடித்து, இடது உள்ளங்கையில் வைத்து அழுத்துவார். அது கொட்டியதும் கையையே பார்த்தபடி சற்று நேரம் நிற்பார். பிறகு கொடுக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்.

“வலிக்கலையாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“வலிக்குதான்னுதாங்க பாக்குறேன். இந்தக் கை மரத்துப்போயி நாலு வருசமாச்சு. மாத்திரை தின்னா உணர்ச்சி திரும்பினாலும் திரும்பும்னு ஆஸ்பத்திரியில சொன்னாக.”

இன்னும் மழை இல்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அன்று தேன் டின்னைத் தூக்கும்போது என் கட்டைவிரலில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. அலறினேன். அவர் ஓடிவந்து நகத்தால் கொடுக்கை வழித்தெடுத்தார். ஆனால் என் கையை விடவில்லை.

“எப்புடி இருக்குங்க? எரியுதுங்களா, கடுக்குதுங்களா?”

ஆறுதலுக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவரோ பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டும்தான். அவரிடம், “லேசாத்தாண்ணே இருக்கு,” என்றேன்.