ஜசியின் சான்றிதழுக்காக மல்லாவியிலிருந்து வவுனியாவுக்கு

என் கணவரின் தங்கை திரேசம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் வெண்புரை. அவருடைய மகள் ஜசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. புத்தி நாலைந்து வயதோடு நின்றுவிட்டது. முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்த இருவரும் மல்லாவியில் தனியே இருக்கிறார்கள். வவுனியாவில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பராமரிப்பு இல்லமொன்றில் ஜசிக்கு ஒரு இடம் கிடைத்தது. ஆனால் மாத முடிவுக்குள் அரசாங்க மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். குழு கூடுவதோ மாதத்தில் ஒரு நாள். அதற்காகத்தான் 2004 பெப்ரவரியில் யாழ்ப்பாணத்திலிருந்து மல்லாவிக்குப் புறப்பட்டேன்.

நான்கு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்தேன். அந்த நான்கு நாளும் ஜசியைப் பழக்கினேன். பெயர், வயது, விலாசம் சொல்ல. ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ண. டொக்டரைக் கண்டதும் ‘குட் மோர்னிங்’ சொல்ல. கடைசியாக, தன் பெயரைக் கையெழுத்தாகப் போட. நான் கன்னியர் மடத்தில் படித்தவள். அரைகுறையாக எதையும் செய்ய எனக்கு வராது. அந்தப் பிள்ளையைக் ‘குறை’ என்று சொல்ல என் வீட்டில் எவரையும் விட்டதுமில்லை. அவளுடைய வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போட்டு, ஸ்திரிக்கை பிடித்து நானே மினுக்கினேன்.

குழு கூடும் நாள் காலை ஐந்தரைக்கு நானும் ஜசியும் மல்லாவியில் பஸ் ஏறினோம். மாங்குளம்வரை இருபது கிலோமீற்றர், பதினெட்டு ரூபா. வீதி முழுக்கக் குழி, ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. மாங்குளத்தில் ஏ-ஒன்பது வீதி பஸ் பிடிக்க வேண்டும். புளியங்குளத்தில் போராளி இயக்கத்தின் சாவடி, ஓமந்தையில் இராணுவத்தின் சாவடி. இரண்டிலும் பைகளோடு இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். ஜசிக்கு அடையாள அட்டை இல்லை. எடுத்துக் கொடுக்க எவருக்கும் தோன்றவில்லை. கிராம அலுவலரின் கடிதம்தான் உதவியது. சோதனை செய்த பெண் சிப்பாயைப் பார்த்து, “குட் மோர்னிங் டொக்டர்!” என்றாள் ஜசி. அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

வவுனியா பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டோ எண்பது ரூபா. ஓட்டியவர் நிஸார் என்ற முஸ்லிம் தம்பி. பத்தே முக்காலுக்கு இலக்கம் எடுத்தோம், ஒன்றேகாலுக்குக் கூப்பிட்டார்கள்.

எங்களைப் பார்த்த குழு டொக்டர் இளம் பெண். கேட்டதற்கெல்லாம் ஜசி பிசகாமல் பதில் சொன்னாள். இருபதுவரை எண்ணினாள். கையெழுத்தும் போட்டாள்.

“நல்லாச் செய்யிறா. தையல், பாய் இழைக்கிறது எண்டு ஏதும் பழக்குங்கோ. இல்லத்தில இருக்கிற அளவுக்குக் குறையில்லை” என்று சொல்லி, அப்படியே எழுதித் தாளை என்னிடம் நீட்டினார்.

வெளியே வந்து, வாசலில் ஓட்டோவோடு நின்ற நிஸாரிடம் டொக்டர் எழுதியதைச் சொன்னேன். அவர் ஜசியின் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“என்னம்மா, பரிசளிப்பு விழாவுக்கோ கூட்டி வந்தனீங்கள்? என்ர தம்பியையும் உம்மா உப்பிடித்தான் சோடிச்சுக் கூட்டி வந்தவ. ரெண்டு தரம் திருப்பி அனுப்பிப்போட்டினம். திரும்பிப் போய் உள்ளதைச் சொல்லுங்கோ.”

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் போனேன்.

“இவவை வெளியில விட்டிட்டுக் கதைக்கலாமோ?” என்று டொக்டரிடம் கேட்டேன்.

“ஏலாதம்மா. இவவை வச்சுத்தான் நான் பாக்க வேணும். என்ன செய்யமாட்டா எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். நெருப்புச் சுடும் என்று தெரியாது. கையைப் பிடித்து யார் கூப்பிட்டாலும் போய்விடுவாள். மாதச் சுகவீனத்துக்குத் தாய்தான் துணி மாற்ற வேண்டும். தாய்க்கு இப்போது கண் தெரியாது. முப்பத்தொரு வருடம் நான் வாயால் சொல்லாத எல்லாவற்றையும், அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே சொன்னேன்.

“நான் இருவது மட்டும் எண்ணுவன், மாமி” என்றாள் ஜசி, எனக்கு மறந்துவிட்டதென்று நினைத்து.

டொக்டர் ஏழு நெருப்புக் குச்சிகளை மேசையில் வைத்தார். “எனக்கு நாலு தாங்கோ.”

ஜசி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஏழும் முடிந்த பிறகும் வெறும் மேசையைத் தொட்டு இருபதுவரை எண்ணினாள். பிறகு ஏழையும் அள்ளி டொக்டரின் கையில் கொடுத்தாள். டொக்டர் பழைய தாளை என்னிடமிருந்து வாங்கிக் கிழித்துவிட்டுப் புதியதை எழுதினார்.

கடைசி மேசையில் படிவங்களைப் பதிந்துகொண்டிருந்த லிகிதர் மைப்பெட்டியை ஜசியின் பக்கம் தள்ளினார்.

“அவ கையெழுத்துப் போடுவா” என்றேன்.

“போட்டால் மேலிடத்தில கேள்வி வருமம்மா. பெருவிரலை வையுங்கோ.”

அந்தப் படிவத்தின் இரண்டு பக்கத்திலும் அவளால் முடியாதவற்றுக்கு மட்டுமே இடமிருந்தது. அவளுடைய பெருவிரலை நான்தான் மையில் தோய்த்தேன். நீலமாகிவிட்ட விரலைப் பார்த்து, “பிழை விட்டிட்டனோ, மாமி?” என்று கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. நான்தான் விட்டனான்.”

பஸ் நிலையத்தில் பசிக்குப் பணிஸ் ரொட்டி வாங்கினோம். அது சுற்றி வந்த தாளில், என் பேனாவால், ஓமந்தை வரும்வரை ஜசி தன் பெயரை எழுதிக்கொண்டே வந்தாள். மல்லாவியில் திரேசம்மாவிடம் சான்றிதழைக் கொடுத்தேன். அவர் அதை மடித்து வைத்துவிட்டு, பணிஸ் தாளில் பேனா அழுந்திய இடத்தைத் தடவிப் பார்த்தார்.

“அவள் போனாப் பிறகு இது என்னோட இருக்கட்டும், மச்சாள்” என்றார்.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கிராம அலுவலரின் கடிதத்தை முதல் வாரமே எடுத்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு முன் வவுனியாவில் நிற்கப் பாருங்கள். குடிக்கத் தண்ணீர் கொண்டு போங்கள். பிள்ளைக்கு வீட்டில் உடுத்தும் உடுப்பே போதும்; எதையும் பாடமாக்கிக் கூட்டிப் போகாதீர்கள். ஆனால் ஒரு பேனாவும் தாளும் பையில் இருக்கட்டும். அலுவலகத்தில் அவை தேவைப்படாது. திரும்பி வரும்போது தேவைப்படும்.