தளியில் நங்கூரமிட்ட ரணகேசரி

கிருஷ்ணகிரி பஸ் நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஓசூர் பஸ்ஸில் ஏறினேன். கட்டணம் நாற்பத்தெட்டு ரூபாய். மார்கழி மாதம். திருச்சி உறையூரில் மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்குக் குளிர் என்பது இன்சுலின் வைக்கும் ஃபிரிட்ஜுக்குள் இருக்கிற சமாச்சாரம். இங்கே அது ஜன்னல் வழியாக ஏறி, டிக்கெட் வாங்காமல் மடியில் உட்கார்ந்துகொண்டது.

நான் போய்க்கொண்டிருந்தது ஒரு போர்க்கப்பலைப் பார்க்க. ஓசூரை அடுத்த தளியில் அந்தக் கப்பல் இருப்பதாகத் தகவல். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு இருநூறு கிலோமீட்டருக்குக் குறையாது என்பது எனக்கும் தெரியும். என் மனைவி அதை ஏற்கெனவே நான்கு முறை சொல்லிவிட்டாள்.

விஷயம் இதுதான். எனக்குக் கப்பல் உறைகள் சேர்க்கும் கிறுக்கு உண்டு. ஒரு போர்க்கப்பலின் பிறந்த நாளுக்கு நம் முகவரி எழுதிய உறையை அந்தக் கப்பலுக்கு அனுப்பினால், கப்பல் முத்திரையைக் குத்தித் திருப்பி அனுப்புவார்கள். அப்படி இளவயதிலிருந்து நான் விடாமல் எழுதிய நாசகாரிக் கப்பல் ஒன்று உண்டு. நான் பார்க்கப் போன வீட்டார் உண்மைப் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ரணகேசரி என்று வைத்துக்கொள்வோம். பெயர்தான் நாசகாரி. அது ஓர் எதிரிக் கப்பலையும் மூழ்கடித்ததில்லை. புயலடித்த ஊர்களுக்கு அரிசி கொண்டுபோனது, இயந்திரம் நின்ற மீன்பிடிப் படகுகளை இழுத்து வந்தது, விருந்தாளிகள் வந்தால் வெற்றுக் குண்டு வெடித்து மரியாதை செய்தது. வயதானதும் கொடியிறக்கி, மேற்குக் கரையில் உடைத்துத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள்.

உடைத்த பிறகும் அதன் முத்திரையோடு எனக்கு உறை வந்தது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் வந்தது. முத்திரை அசல். விளிம்பில் ஓரிடத்தில் சிறு வெட்டு இருக்கும், என்னிடமுள்ள பழைய உறைகளிலும் அதே வெட்டு. அனுப்புநர் முகவரியில் ‘ரணகேசரி, நங்கூரத்தில், தளி அருகே’ என்று எழுதியிருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து, தொலைபேசி எண்ணோடு பதில் போட்டேன். ஒரு பெண் அழைத்தார். “அண்ணா, என் பேரு மஞ்சுளா. எங்க வீட்டுக்காரர்தான் அனுப்பறாரு. பதில் போட்டது நீங்க ஒருத்தர்தான். ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போங்கண்ணா, உயிர் விஷயம்” என்றார். அதற்கு மேல் போனில் சொல்லவில்லை.

சூளகிரியில் ஓர் இளைஞன் ஏறி என் பக்கத்தில் விழுந்தான் என்றே சொல்ல வேண்டும். கண் இரண்டும் சிவந்திருந்தன. விருதுநகர்ப் பையன், கம்பெனியில் வேலையாம். “டபுள் ஷிப்ட் சார். ரிலீவர் வரல” என்றான்.

“வராவிட்டால் போட்டுவிட்டு வர வேண்டியதுதானே?”

“அதெப்படி சார், மிஷின் ஓடிக்கிட்டிருக்கும்லா? ஆள் வந்து கைமாத்துனாத்தான் நகர முடியும்” என்று சொல்லிவிட்டு என் தோளிலேயே தூங்கிப்போனான். ஓசூரில் எழுப்பி இறக்கிவிட்டேன்.

ஓசூரில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுத் தளி டவுன் பஸ் பிடித்தேன். இருபத்தைந்து கிலோமீட்டர். தொழிற்சாலைச் சுவர்கள் முடிந்ததும் முட்டைக்கோஸ் வயல்கள், ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கூடாரங்கள். பஸ்ஸுக்குள் தமிழில் ஆரம்பித்த பேச்சு தெலுங்கில் வளைந்து கன்னடத்தில் முடிந்தது. பதினொரு மணியாகியும் பனி விலகவில்லை. தளியில் ஆட்டோக்காரரிடம், மஞ்சுளா சொல்லியிருந்த கணவர் பெயரைச் சொல்லி, முனிராஜ் வீடு என்றேன்.

“கப்பல்காரர் வீடா? கல்லு குவாரி அந்தாண்ட. நூறு ரூபா குடுங்க. ஆனா கேட்டுகிட்ட நிக்க மாட்டேன், முன்னாடியே இறக்கி உட்டுருவேன்.”

“ஏன், நாய் இருக்கிறதா?”

“நாய் இருந்தா பரவால்ல சார். அந்த வீட்டாண்ட நாய் கூடப் போவாது.”

சொன்னபடியே கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

வீடு சாதாரண மாடி வீடு, சாம்பல் நிறப் பெயிண்ட். பின்னால் கைவிட்ட கருங்கல் குவாரி. பாளம் பாளமாக அறுத்தெடுத்த பள்ளத்தில் பச்சைத் தண்ணீர், அசைவே இல்லாமல். வாசல் கேட்டுக்கு உள்ளே, வெள்ளை அரைக்கைச் சட்டையில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். முகம் ஊதியிருந்தது. கால் வீக்கம் செருப்பு வாரை மீறி வழிந்தது. மருந்துக் கடைக்காரனுக்கு அதற்கு மேல் பரிசோதனை தேவையில்லை.

“யாரு?” என்றார்.

பெயரையும் ஊரையும் சொன்னேன்.

“உறையூர். பச்சை மை. ‘ர’ எழுதறப்ப காலை நீட்டி விடுவீங்க” என்றார். நான் ஓரடி பின்வாங்கினேன். பிறகுதான் சிரித்தார். “நான் சின்ன வயசுல கப்பலுக்குத் தபால்காரன் சார். கரைக்குப் போயி மூட்டை வாங்கியாந்து, டெக்குல நின்னு பேர் கூப்பிட்டுக் குடுக்கறது என் வேலை. உங்க உறைய எத்தனை தடவை எடுத்திருப்பேன்! கொடி இறக்கினப்ப முத்திரைய நான்தான் எடுத்துக்கிட்டேன்.”

சமையலறையில் மஞ்சுளா காபி கொடுத்தார். மேசைமேல் மாத்திரை அட்டைகள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. “ஹார்ட்டு வால்வு ஆபரேஷன்ணா. பெங்களூர்ல எங்க பொண்ணு ஏற்பாடு பண்ணியிருக்கா. மூணரைக்குக் கார் வரும். ரெண்டு தடவை இப்படித்தான் வந்துச்சு, கேட்டத் தாண்ட மாட்டேனுட்டாரு. இந்தத் தடவையும் வரலன்னா அப்புறம் எங்களக் கேக்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ஏன் தாண்ட மாட்டேன் என்கிறார்?”

“வாட்ச்சுல, அதான் கப்பல் காவல்ல, இருக்காராம். மாத்திவிட ஆள் வரணுமாம். கப்பல் ஆளா இருக்கணுமாம். கப்பலே இல்ல, ஆளுக்கு எங்கண்ணா போவேன்? நீங்க அத்தனை வருஷம் அதுக்குக் காயிதம் போட்டவரு. உங்க பேரைச் சொன்னேன், நீங்க வந்தா ஒத்துக்கறேன்னாரு.” மாத்திரை அட்டைகளை என் பக்கம் நகர்த்தினார். “நீங்க சும்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்ணா.”

கொள்ளிடத்தில் பரிசல் ஏறினாலே வாந்தி எடுக்கிறவன் நான். எனக்குக் கோபம்கூட வந்தது. ஒருவனை முந்நூறு கிலோமீட்டர் வரவழைத்து மாலுமி வேஷம் கட்டச் சொல்கிறார்களே என்று. ஆனால் அந்தக் கால் வீக்கம் கண்ணிலேயே நின்றது.

சாப்பாட்டுக்குப் பிறகு முனிராஜ் என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். குவாரி விளிம்புக்கு ஆறடி இப்பால், சிமெண்டில் பதித்த வட்டமான இரும்பு மூடி. நடுவில் கைப்பிடிச் சக்கரம். ரணகேசரியின் என்ஜின் அறை மூடி அது. கடற்படையை விட்டு வந்தபின் சூளகிரிப் பக்கம் ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் செக்யூரிட்டியாக இருந்தாராம். பழைய இரும்பு லாரியில் இது வந்து இறங்கியிருக்கிறது. அதன்மேல் கப்பலில் அவரே பெயிண்ட் அடித்த எண் இருந்தது. எடைக்குக் காசு கொடுத்து எடுத்துவந்துவிட்டார்.

“கீழே என்ன இருக்கிறது?”

“மண்ணுதான் சார். நான் பைத்தியம் இல்ல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “கப்பல்ல தாஸ்னு ஒரு பையன். என்ஜின் அறையில தீப்பிடிச்சுச் செத்துப் போயிட்டான். அடுத்த துறைமுகத்துல தபால் மூட்டை வந்துச்சு. வழக்கம்போல எடுத்து எடுத்துக் கூப்பிட்டுக்கிட்டே வரேன், அவங்க அம்மா போட்ட லெட்டரும் அதுல இருந்திருக்கு. பழக்க தோஷத்துல ‘தாஸ்!’னு கத்திட்டேன். டெக்குல அத்தனை பேரும் அப்படியே நின்னுட்டாங்க. இந்த மூடிக்குக் கீழேருந்து ‘இருக்கேன்’னு சத்தம் வந்துச்சு சார்.”

குவாரித் தண்ணீர்மேல் பனி நகர்ந்தது.

“வேற யாருக்கும் கேக்கலன்னுட்டாங்க. அதுலேருந்து தபால் வர்ற நேரத்துக்கு, நாலு மணிக்கு, நான் அங்க இருக்கற வரைக்கும் அவன் பேரைக் கூப்பிட்டேன். கடைசில மறுபடி அதே கப்பலுக்கு மாத்தல் வந்தப்பவும் கூப்பிட்டேன். கொடி இறக்கின அன்னைக்கு ஏணிப்படி காவல் எனக்கு. எல்லாரும் பஸ் ஏறிப் போயிட்டாங்க. என்னை மாத்திவிட யாரும் வரல. இந்த மூடி கெடைச்சதுலேருந்து கேட்டத் தாண்டாம தினம் இங்கதான் கூப்பிடறேன். நான் போயிட்டா அவனை யாரு கூப்பிடுவா?”

மூன்றரைக்குக் கார் வந்துவிட்டது. டிரைவர் பெங்களூர்க்காரர், ஹாரன் அடித்தார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி மஞ்சுளா கன்னடத்தில், “சொல்ப இரப்பா” என்று கெஞ்சிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் முனிராஜின் எதிரில் போய், அவரைப் போலவே நேராக நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சொல்லிக் கொடுத்தார். திருப்பிச் சொன்னேன்.

“வாட்ச் என்னிடம் வந்தது.”

“நாலு மணிக்குப் பேர் கூப்பிடணும். பதில் வராம இருந்ததில்ல” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, கேட்டைத் தாண்டி, வீங்கிய காலோடு காரில் ஏறினார். மஞ்சுளா அழுதுகொண்டே சாவியைக் கொடுத்து, பூட்டி மீட்டர் பெட்டிமேல் வைத்துவிடச் சொன்னார். கார் பனிக்குள் போனது.

நியாயமாக நானும் கிளம்பியிருக்க வேண்டும். ஓசூர் பஸ் நாலேகாலுக்கு. கதவைப் பூட்டினேன், பையை மாட்டினேன், கேட் வரை போனேன். கொடுத்த வாக்கு உறுத்தியது. ஒரு தரம் கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று பின்பக்கம் போனேன். யாரும் பார்க்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

“தாஸ்!”

குவாரிச் சுவரில் பட்டு என் குரல் திரும்பியது. ‘தாஸ்’ என்று ஒருமுறை, சன்னமாக இன்னொருமுறை. எதிரொலி, அவ்வளவுதான். பாவம் மனிதர், இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று சிரிப்புகூட வந்தது.

அது அடங்கிய பிறகு, மூடிக்குக் கீழேயிருந்து, பக்கத்து அறையிலிருந்து பேசுவதுபோல, ஓர் இளம் குரல் கேட்டது.

“எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?”

எனக்கு அறுபத்திரண்டு வயது. தளி ரோடு வரை ஓடினேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பல் கிட்டியது. குளிருக்கு என்று நினைத்து நடத்துநர் ஜன்னலை இழுத்துவிட்டார்.

ஓசூரை நெருங்கும்போது போன் அடித்தது. முனிராஜ். மருத்துவமனையில் சேர்ந்தாயிற்றாம்.

“கூப்பிட்டீங்களா சார்?”

“கூப்பிட்டேன்.”

“பதில் வந்துச்சா?”

பின்னால் மஞ்சுளா யாருடனோ பேசும் சத்தம் கேட்டது. வந்தது என்று சொன்னால் இந்த மனிதர் இப்போதே கட்டிலைவிட்டு எழுந்து வருவார் என்று தோன்றியது.

“இல்லை” என்றேன். “மூன்று தரம் கூப்பிட்டேன். எதுவும் கேட்கவில்லை.”

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, “அப்ப இறங்கிட்டான் சார். கரைக்குப் போயிட்டான்” என்று சின்னப் பிள்ளைபோல் அழுதார். “நல்லவேளை நீங்க வந்தீங்க.”

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. இப்போது மகள் வீட்டில் இருக்கிறார்கள். தளி வீடு பூட்டியே கிடக்கிறது. முனிராஜ் மாத்திரை தவறுவதில்லை, கப்பல் பேச்சே எடுப்பதில்லை என்று மஞ்சுளா சொன்னார். “உங்களாலதாண்ணா” என்றார். நானும் அந்த நன்றியை வாங்கிக்கொண்டேன்.

உறையூரில் வெயில் வழக்கம்போல் கொளுத்துகிறது. தபால்காரர் கடை வாசலில் சைக்கிளை நிறுத்தி என் பெயரைக் கூப்பிடுகிறார். நான் எழாவிட்டால் மனைவி போகிறாள், அவள் இல்லாவிட்டால் கடைப்பெண் போகிறாள். என் பெயரைக் கேட்டு எழுந்திருக்க மூன்று பேர் இருக்கிறோம். தாஸின் பெயரைக் கூப்பிட ஒரே ஒருவர் இருந்தார். அவரை நான்தான் விடுவித்து அனுப்பினேன்.