மைனஸ் ஐநூறு

அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீருக்குப் பதில் கல்மாவுதான் புகையாக வந்தது. அது மூக்கில் ஏறியதும் திருச்செங்கோட்டில் படித்த ஏழாம் வகுப்பு ஞாபகம் வந்தது.

“மைனஸ் முந்நூறு, மைனஸ் ஐநூறு. எதுடா பெருசு?” என்றார் கணக்கு வாத்தியார்.

“மைனஸ் ஐநூறுதானுங்க சார்.”

வகுப்பே சிரித்தது. “கீழ போகப்போகச் சிறுசு, சாமி. முந்நூறுதான் பெருசு.”

“நேத்து எங்க காட்டுல போர் போட்டாங்க சார். முந்நூறு அடி வரைக்கும் அம்மா பேசிட்டே இருந்துச்சுங்க. ஐநூறுல ஒரு வார்த்தை பேசலீங்க.”

வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் போருக்கு வாங்கிய கடனில் நிலம் போனது. நான் படிப்பை விட்டு, துளை போடும் ரிக் வண்டி ஏறினேன். அதன்பின் எந்த ஊரிலும் நிலைத்ததில்லை.

“எத்தனை அடி ஆச்சு தம்பி?” என்றார் தோட்டக்காரம்மா.

“நானூத்தம்பதுங்க.”

காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. நான் அடுத்த ராடை மாட்டினேன்.