ஆலைத் தொட்டி மீன்கள்

போன வாரம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை எங்கள் ஆலையைப் பார்க்கக் கூட்டி வந்தார்களே, அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டாள்.

"எப்பா, உங்க ஆலைத் தொட்டியில மீனு நல்லாத்தான நீந்துது? அந்தத் தண்ணிதான் ஆத்துக்குப் போவுதாம். பெறவு எதுக்கு நாம கேன் தண்ணி வாங்குதோம்?"

"ஆறிப்போவுது, சாப்புடு தாயி" என்றேன். அவள் அண்ணனும் தட்டை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தான். எனக்கு வாயால் சொல்ல வரவில்லை. நான் பத்தாவதோடு நின்றவன், எழுதியும் பழக்கமில்லை. ஆனாலும் பதில் சொல்லாமல் விட்டால், பிள்ளைகளா, அன்று ஆலை மேனேஜர் சொன்னதையே நம்பி நீங்கள் இருவரும் வளர்வீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆலையில் நூலுக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் ஏற்றியபிறகு மிஞ்சும் தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் தாமிரபரணிப் பக்கம் விடக் கூடாது. அதற்கென்று பெரிய பெரிய இயந்திரங்கள் இருக்கின்றன. யாராவது பார்க்க வந்தால் ஓட்டுவார்கள். சத்தம் வரும், அவ்வளவுதான். போட வேண்டிய மருந்து எதையும் போடுவதில்லை, செலவாம்.

தண்ணீர் வெளியேறும் இடத்தில் அந்தக் கண்ணாடித் தொட்டி. முன்பு அதில் கலர் மீன் விட்டிருந்தார்கள். மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த நான்தான் வண்ணார்பேட்டைக் கடையில் பைக்குள் காற்றடைத்து வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். தொட்டிக்கு மட்டும் தனியாக ஒரு குழாயில் போர்வெல் தண்ணீர் வரும். மேனேஜர் விருந்தாளிகளிடம், "சுத்தம் செய்த தண்ணீரில் மீனே வாழ்கிறது பாருங்கள்" என்பார். அவர்களும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஆலைக்குக் கீழே ஆற்று மணலில் இருக்கும் உறைகிணறுதான் நம் ஊருக்குக் குடிதண்ணீர். அதில் கசப்பு ஏறியது. சோறு வடித்தால் மஞ்சளித்தது. ஊரில் மனுக் கொடுத்தோம். முன்பும் ஒரு தடவை வந்துபோன மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி மறுபடி சோதனைக்கு வரப்போகிறார் என்றார்கள். அவர் கண்ணால் பார்த்துவிட்டால் போதும், நம் கிணறு பிழைத்துவிடும் என்று நான் நினைத்தேன்.

அவர் வருகிற காலையில் போர் குழாயை அடைத்துவிட்டு, ஆற்றுக்குப் போகிற ஆலைத் தண்ணீரைத் தொட்டியில் திருப்பிவிட்டேன். மீன்கள் முதலில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பாவமாகத்தான் இருந்தது.

அதிகாரி தொட்டி முன்னால் நின்றார். "என்ன வே, எல்லாம் மல்லாந்து கெடக்கு?"

"ஐயா, இதுதான் நெசமாவே ஆத்துக்குப் போற தண்ணி. இன்னைக்குத்தான் இதுல விட்டேன். எங்க ஊரு கெணத்துக்கு இதுதான்யா வருது" என்றேன்.

மேனேஜர் குறுக்கே வந்து, "வெயில் சார். நிழலுக்கு ஷீட் போடச் சொல்லியிருக்கேன்" என்றார்.

அதிகாரி என்னை ஒரு தடவை பார்த்தார். போன முறை வந்தபோது இதே தொட்டியில் கைவிட்டு அளைந்து, 'சில்லுன்னு இருக்கே' என்று சிரித்தவர். அன்று இரண்டு கைகளையும் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு மேனேஜரிடம் சொன்னார்.

"நம்மூரு வெயிலைக் கலர் மீனு எங்கன தாங்கும்? ஜிலேபிக் கெண்டை விடுங்க. அது சாக்கடையிலயும் கெடக்கும்."

மேனேஜர் சிரித்தார். இருவரும் காப்பி குடிக்கப் போய்விட்டார்கள்.

செத்த மீன்களை நான் வாளியில் அள்ளிக்கொண்டிருந்தேன். பாய்லர் பார்க்கும் அண்ணாச்சி பைய வந்து நின்றார்.

"ஏலே, அவாளுக்குத் தெரியாததையா நீ காட்டப் போன? கோட்டிக்காரப் பயலே."

"தெரியாதுன்னு நெனச்சேன் அண்ணாச்சி."

"நெனப்ப, நெனப்ப. இனி கேட்டுல போயி நின்னு நெனச்சிக்கோ."

அவர் சொன்னபடிதான் நடந்தது. மோட்டாரை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு என்னை வாசல் கேட்டுக்குக் காவலுக்கு மாற்றினார்கள். வேலையை விடலாம் என்று யோசித்தேன், உங்கள் இரண்டு பேர் படிப்பையும் நினைத்து விடவில்லை. ஊர்க்காரர்கள் மறுபடி மனு எழுதினார்கள். பதிலில் எல்லாம் சரியாக இருப்பதாக வந்தது. கொஞ்ச நாளில் நம் பஸ் நிறுத்தச் சுவரில் ஆலைப் பெயரோடு 'தாமிரபரணியைக் காப்போம்' என்று நீலப் பெயின்டில் எழுதிப் போட்டார்கள். அதற்கு ஒரு விழா. நம் ஊராட்சித் தலைவர்தான் ரிப்பன் வெட்டினார். கிணற்றுத் தண்ணீரை இப்போது மாடுகூட முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது.

அன்றைக்கு உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கேட்டைத் திறந்துவிட்டது நான்தான், மகளே. வரிசையிலிருந்து நீ எனக்குக் கையாட்டினாய். நானும் ஆட்டினேன்.

அந்த அதிகாரி சொன்னபடியே தொட்டியில் ஜிலேபிக் கெண்டை விட்டுவிட்டு, போர் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டார்கள், இனி அது தேவையில்லை. நீ பார்த்தது ஆற்றுக்குப் போகும் அதே ஆலைத் தண்ணீர்தான். அதில் ஜிலேபி மீன் நீந்தியதும் நிஜம்தான். மேனேஜர் உங்களிடம் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை.

காலையில் தண்ணீர் வண்டி வரும். காலிக் கேனை வாசலில் எடுத்து வையுங்கள்.