சிக்கிய தோட்டா

சுவிஸில், டீட்டிகோன் நகரில் ஒரு பார்சல் கிடங்கில் இயந்திரங்கள் திருத்துகிறேன். என் மேலாளர் ஹான்ஸ், பழைய இராணுவ இயந்திரத் துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். வருடத்தில் ஒரு நாள் அனுமதி எடுத்து, நண்பர்களோடு மலையடிவாரத்தில் அவற்றைச் சுட்டுப் பார்ப்பார். தான் ஓய்வு பெறும் வருடம் என்னையும் கட்டாயம் வரச் சொன்னார். முகத்துக்கு நேரே மறுக்க முடியவில்லை. என் வளர்ந்த மகள்தான் காரில் கூட்டிப் போனாள்.

ஹான்ஸ் சுடத் தொடங்கிய சற்று நேரத்தில் துப்பாக்கி நின்றுவிட்டது. எல்லோரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். எனக்குச் சலிப்பாக இருந்தது. வேலையில் ஓர் இயந்திரம் நின்றால் போவது போல எழுந்து போனேன். மூடியைத் திறந்து, சிக்கிய தோட்டாவை எடுத்து, மறுபடி மூடினேன். கண்ணால் பார்க்கவே தேவைப்படவில்லை.

நிமிர்ந்தபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையிலிருந்து வந்த புதிதில் நடந்த அகதி விசாரணையில், துவக்கைத் தொட்டதே இல்லை என்று சொன்னவன் நான். மனைவியிடமும் அதையேதான் சொன்னேன்.

“அப்பா, உங்களுக்கு இது எப்பிடித் தெரியும்?”

ஹான்ஸ் என் கைகளைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“உன் அப்பா திருத்தாத இயந்திரம் உண்டா?” என்று அவளிடம் சொல்லிவிட்டு, துப்பாக்கியைத் துணியால் மூடினார். “போதும். கோப்பி குடிப்போம்.”

திரும்பும் வழியில் மகள் கேட்டாள்: “அவர் சொன்னது உண்மையோ அப்பா?”

“ஓம்” என்றேன். இத்தனை வருடப் பொய்களில் அதுதான் என்னை அதிகம் களைக்க வைத்தது.

அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இல்லை, பிள்ளை.