நாற்பத்தெட்டு டிகிரியில் ஒரு மாமனார்

முதலில் கையெழுத்துக்கு மன்னிப்பு. இந்தப் பத்தியை வாராவாரம் கம்ப்யூட்டரில் அடித்துத் தரும் அம்மணிக்குத்தான் அது போய்ச் சேர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். 'ல'வும் 'ள'வும் 'ழ'வும் எனக்கு ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் — யாரைக் கூப்பிட்டாலும் யாராவது வந்து நிற்பார்கள். அந்த அம்மணி சத்தமில்லாமல் திருத்திவிடுகிறார். நீங்களும் என்னை எழுத்தாளன் என்று நம்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு நாள் காலை, கோபிசெட்டிபாளையத்திலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு ஒரு சாக்கு இளநீர் வந்து இறங்கியது. கோவையில் எங்கள் கணபதி ஸ்டாப்பில் கண்டக்டர் என்னைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்குத்தானுங்களா உடம்பு சூடு? மாப்பிள்ளை சொல்லி உட்டாருங்க. தினமும் ரெண்டு குடிக்கோணுமாமா."

எனக்கு உடம்பு சூடெல்லாம் ஒன்றுமில்லை. மாசி மாதக் காலை. நான் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தேன்!

பிறகு எதற்கு இளநீர்? அதைச் சொல்ல வேண்டுமானால் என் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் ஒரே மகள் கீதாவைப் போன ஆவணியில் கோபியில் கட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளை செந்தில், அங்கே பக்கத்தில் ஒரு நூல் மில்லில் என்ஜினியர். தங்கமான பையன். ஒரே ஒரு குறை. பேச மாட்டார். எனக்கும் அதே குறைதான். உங்களோடு பேசுவதென்றால் பேப்பர் இருக்கிறது, பேனா இருக்கிறது, உங்கள் முகம் தெரியாது. நேரில் ஒரு ஆள் வந்து உட்கார்ந்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"வாங்க மாப்ள" என்பேன். "வந்தேனுங்க மாமா" என்பார். அடுத்த நாள் ஊருக்குக் கிளம்பும்போது "போய்ட்டு வாரேனுங்க மாமா" என்பார். "சரிங்க மாப்ள" என்பேன். நடுவில் ஒரு நாள் முழுக்க இரண்டு பேரும் ஒரே நியூஸ் பேப்பரை ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். படித்து முடித்ததும் தாளை மாற்றிக்கொள்வோம். அவ்வளவுதான் எங்கள் உறவு.

பொங்கலுக்கு வந்தபோது கீதா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போய்க் கண் கலங்கிவிட்டாள்.

"அப்பா, உங்களுக்கு அவரப் புடிக்கலைன்னு அவரு நெனைக்கறாரு. அவருக்கு உங்களப் புடிக்கலைன்னு நீங்க நெனைக்கறீங்க. நடுவுல நான் எத்தன நாளைக்குத்தான் வக்கீல் வேல பாக்கறது?"

என்ன பதில் சொல்ல? அதற்கும் பேச வேண்டுமே!

அந்தப் பொங்கலுக்குத்தான் மாப்பிள்ளை ஒரு டப்பா கொண்டு வந்திருந்தார். மில்லில் அவரை மெஷின் ட்ரெய்னிங்குக்கு ஜெர்மனி அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து ஒரே மாதிரி இரண்டு டப்பா வாங்கி வந்திருக்கிறார். ஒன்று அவர் வீட்டுக்கு, ஒன்று எனக்கு. உள்ளே மேஜைக் கடிகாரம் மாதிரி ஒன்று, சோப்பு டப்பா அளவில் இன்னொன்று. சோப்பு டப்பாவை வெளியே மாட்டினால் வெளியே எவ்வளவு சூடு, காற்றில் எவ்வளவு ஈரம் என்று உள்ளே இருக்கிற கடிகாரத்தில் நம்பர் விழும். நடுவில் ஒயரே கிடையாது.

"மாமா, இத வெளிய வெச்சுருங்க. அத உள்ள வெச்சுக்கங்க."

கல்யாணமானதிலிருந்து அவர் என்னிடம் பேசிய பெரிய பேச்சு அதுதான்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஓர் ஆணியடித்து மாட்டினேன். கீழே இறங்கி வந்து பார்த்தால் — இருபத்தொன்பது! என் மனைவி சரஸ்வதி மூக்கில் விரலை வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோபியிலிருந்து போன் வந்தது. வழக்கமாகக் கீதா அவள் அம்மாவோடு பேசிவிட்டு வைத்துவிடுவாள். அன்றைக்கு, "ஏனுங்க, மாப்பிள்ளை உங்களக் கேக்கறாரு" என்று சரஸ்வதி ரிசீவரை நீட்டினாள். பேப்பரை மடித்து வைத்துவிட்டு வாங்கினேன். என்ன கேட்கப் போகிறார்?

"மாமா, அங்க வெளிய எவ்வளவுங்க?"

"முப்பதுங்க மாப்ள."

"இங்க முப்பத்திரெண்டுங்க."

"அப்படிங்களா! ரெண்டு எச்சா இருக்குதுங்களே!"

"ஆமாங்க மாமா. வாய்க்கால்ல தண்ணி நிறுத்திட்டாங்க, அதனாலயோ என்னமோ..."

பாருங்கள் — வாய்க்கால் வரைக்கும் வந்துவிட்டோம்! போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று இருந்தது. மேலே அந்தச் சோப்பு டப்பா தொங்குகிற வரைக்கும் எனக்கும் மாப்பிள்ளைக்கும் பேச ஒரு வார்த்தை உண்டு. இது போதாதா?

போதாது என்றார் மயில்சாமி.

மயில்சாமி என் பட்டறைக்குப் பக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். நான் செய்வது தோட்டத்து மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பெட்டி. மழை, தூசி, பல்லி, எலி — எதுவும் உள்ளே போகக் கூடாது. இத்தனை வருஷமாக எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான். மயில்சாமி ஒரு நாள் மாடிக்கு வந்து அந்தச் சோப்பு டப்பாவைப் பார்த்தார். பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, மாப்பிள்ளை சீமையிலிருந்து கொண்டாந்து குடுத்தத இப்படி அம்மணமாத் தொங்க உட்டிருக்கீங்க? நாளைக்கே ஒரு மழ வந்தா? காக்கா கொத்திப்போட்டா? ஊருக்கெல்லாம் பொட்டி செய்யற ஆளு நீங்க..."

சுருக்கென்றது. உண்மைதானே? கூடவே வந்த புத்தகம் ஜெர்மனிலும் இங்கிலீஷிலும் இருந்தது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். படத்தை மட்டும் பார்த்தேன். சோப்பு டப்பா, பக்கத்தில் மேகம், மேகத்திலிருந்து மழைக்கோடுகள். சரிதான், மழையில் நனையக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள் — அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். நீங்களாக இருந்தால்?

பெட்டி செய்தேன். நல்ல கனமான தகடு. மேலே மழை வழிய சரிவு. மயில்சாமி வெல்டிங் வைத்தார். தேய்த்த பிறகு வெல்டிங் இருந்த இடமே தெரியவில்லை. மெஷின்களுக்கு அடிப்போமே, அந்தச் சாம்பல் கலர் பெயிண்ட். மாப்பிள்ளை கொடுத்த பொருள் என்பதால் ப்ரைமர் மட்டும் இரண்டு கோட். கதவுக்குப் பெயிண்ட் காயவில்லை. அதனால் கதவு இல்லாமல் பெட்டியை மட்டும் மேற்கே பார்த்த சுவரில் மாட்டி, உள்ளே சோப்பு டப்பாவை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"எவ்வளவுங்க மாமா?"

கடிகாரத்தைப் பார்த்தேன். "நாப்பத்தெட்டுங்க மாப்ள."

மாப்பிள்ளை இன்னொரு தடவை கேட்டார்.

"நாப்பத்தெட்டுங்களா மாமா?"

"ஆமாங்க மாப்ள."

"கணபதியில... வெயில் கொஞ்சம் எச்சுத்தான் போலிருக்குதுங்க. வெளிய போகாம இருங்க மாமா."

அடுத்த பஸ்ஸில் வந்ததுதான் அந்த இளநீர்ச் சாக்கு!

சரஸ்வதி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நாப்பத்தெட்டா? நான் மாடியில போட்ட மோர் மொளகா ரெண்டு நாளாக் காயல. மாப்பிள்ளைக்குத்தான் தெரியாது, உங்களுக்குமா தெரியாது?"

எனக்கும் என்னவோ மாதிரிதான் இருந்தது. ஆனால் ஜெர்மனிக்காரன் மெஷின் சொல்வதை ஐந்தாம் வகுப்பு படித்தவன் மறுக்கலாமா?

அந்த வாரம் கதவும் காய்ந்துவிட்டது. சுற்றிலும் ரப்பர் ஒட்டி, கீல் வைத்து, பூட்டும் போட்டேன். சோப்பு டப்பாவுக்கு அடியில் ஸ்பாஞ்சு, மேலே பாலிதீன் உறை. வெள்ளிக்கிழமை சரஸ்வதி அதற்கு ஒரு குங்குமப் பொட்டும் வைத்தாள். கதவைச் சாத்தியபோது மயில்சாமி, "எறும்பு போகோணும்னாலும் பர்மிசன் வாங்கித்தானுங்க போகோணும்" என்று தட்டிக் கொடுத்தார்.

கீழே வந்து பார்த்தேன். நம்பர் இல்லை. இரண்டு கோடு மட்டும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை.

"எவ்வளவுங்க மாமா?"

"ரெண்டு கோடுங்க மாப்ள."

"... சரிங்க மாமா."

போன் சரஸ்வதி கைக்குப் போய்விட்டது. அதற்கடுத்த ஞாயிறு மாப்பிள்ளை என்னைக் கேட்கவே இல்லை. கீதா பேசினாள், அவள் அம்மா பேசினாள், வைத்துவிட்டார்கள். நான் நியூஸ் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி படிக்கவில்லை. அருமையாகக் கொடுத்த பொருளைப் பாழாக்கிவிட்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் என்ன முகத்தோடு "வாங்க மாப்ள" என்பேன்?

போன வாரம், சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வந்து நின்றார். தனியாக. கையில் ஒரு மஞ்சப் பை. நான் பட்டறையில் இருந்தேன். சரஸ்வதி ஆள் அனுப்பினாள். ஓடி வந்து பார்த்தால் ஹாலில் ஆளைக் காணோம். "மாடிக்குப் போனாருங்க, இன்னும் எறங்கல" என்றாள்.

மேலே போனேன். பெட்டிக்கு முன்னால், கோயில் நடை சாத்தியிருக்கும்போது வந்துவிட்ட பக்தர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"சாவி... இருக்குதுங்களா மாமா?"

அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தேன். திறந்தார். ஸ்பாஞ்சு மெத்தை, பாலிதீன் போர்வை, குங்குமம். ரொம்ப நேரம் பார்த்தார்.

"மாமா... இது என்னங்க?"

"மழ படக் கூடாதுன்னுங்க மாப்ள."

"மழ படக் கூடாதுங்களா?"

"வெயிலும் படக் கூடாது. காத்தும்..." என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மழை, வெயில், காற்று — அதைப் பற்றிச் சொல்லத்தானே அந்த டப்பா?

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்குப் பயமாகிவிட்டது. பிறகுதான் தெரிந்தது — மனுஷன் சிரிக்கிறார்! அடக்கப் பார்க்கிறார், முடியவில்லை. தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் சிரிப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. எனக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் மாடித் தரையில் உட்கார்ந்து சிரித்தோம்.

மூச்சு வாங்கியதும் மஞ்சப் பையைத் திறந்து காட்டினார். உள்ளே ஈரிழைத் துண்டில் சுற்றி... அவர் வீட்டு டப்பா.

"நான் குடுத்தது பழுதுன்னு நெனச்சேனுங்க மாமா. நீங்க வாயத் தொறந்து சொல்ல மாட்டீங்க. கேட்டா சங்கடப்படுவீங்க. அதான், உங்களுக்குத் தெரியாம என்ற டப்பாவ மாத்தி வெச்சுட்டுப் போயரலாம்னு வந்தேன். பாத்தாப் பூட்டுப் போட்டிருக்குது!"

"நான் கெடுத்துப்போட்டேன்னு நீங்க கோவமா இருக்கறீங்கன்னு நெனச்சேனுங்க."

"கோவமுங்களா? உங்க மேலயா?" என்றார். "நாப்பத்தெட்டுன்னு நீங்க சொன்னப்ப, ரெண்டு நாளு எனக்குத் தூக்கமே இல்லீங்க மாமா. தப்பா இருக்கும்னும் தெரியுது. மாமனார் சொல்றத எப்படி இல்லைங்கறது?"

நம்ம ஊர் மரியாதையைப் பற்றி வெளியூர்க்காரர்கள் புகழ்ந்து பேசுவார்கள். பேசட்டும். ஆனால் அதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மாமனார் நாற்பத்தெட்டு டிகிரி என்றால், தப்பு என்று சொல்ல வாய் வராது. இளநீர் அனுப்பத்தான் கை வரும். மாப்பிள்ளை பேசாமல் இருந்தால், ஏன் என்று கேட்கத் தோன்றாது. இன்னொரு கோட் பெயிண்ட் அடிக்கத்தான் தோன்றும். பிரியம் இல்லாமலா? பிரியம் நிறைய. பூட்டும் நிறைய.

தகடு மூடியிருந்தால் சிக்னல் வெளியே வராதாம். வெயிலில் தகடு சுட்டால் உள்ளே அடுப்புதானாம். எல்லாம் பொறுமையாகச் சொன்னார். நானும் கேட்டேன் — ஒயர் இல்லாமல் எப்படிங்க மாப்ள, மழை வந்தால் என்ன ஆகும், ஜெர்மனியில் குளிர் எப்படி என்று பொங்கலிலிருந்து வயிற்றுக்குள் வைத்திருந்ததையெல்லாம். கீழேயிருந்து சரஸ்வதி மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை, "ரெண்டு பேருக்கும் தோசை மேல கொண்டு வரோணுமா?" என்று கத்தினாள். வடக்குப் பக்க சன்ஷேடுக்கு அடியில், காற்று படும்படி டப்பாவை மாட்டிவிட்டுத்தான் இறங்கினோம். குங்குமத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார்.

பெட்டி வீணாகவில்லை. சரஸ்வதி கதவைக் கழற்றிவிட்டு அதில்தான் மோர் மிளகாய் காயவைக்கிறாள். நாற்பத்தெட்டு டிகிரி. ஒரே நாளில் காய்கிறதாம்.

இதையெல்லாம் பத்தியில் எழுதலாமா என்று மாப்பிள்ளையிடம் இன்றைக்குப் போனில் கேட்டேன். "எழுதுங்க மாமா, என்ற பேரோடவே எழுதுங்க" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கீதா நேத்தைலருந்து பேச மாட்டேங்கறாளுங்க மாமா, என்னுங்க பண்றது?" என்றார்.

"அது அவங்கம்மா வழிங்க மாப்ள. ஒண்ணும் பண்ணாதீங்க. தானா சரியாகும்."

"எத்தன நாளுங்க ஆகும்?"

"எனக்கு இன்னும் தெரியலீங்க."

அந்தப் பக்கம் மாப்பிள்ளை சிரிக்க, இந்தப் பக்கம் நான் சிரிக்க, "இத்தன நேரம் யாருகிட்டங்க?" என்று சரஸ்வதி எட்டிப் பார்க்க...

ரிசீவரை வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எவ்வளவு டிகிரி என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

கணபதி, கோவை.
பங்குனி முதல் ஞாயிறு, 1999.