தலைச்சுமையை எண்ணாத வாட்ச்

கள்ளக்குறிச்சியில் எங்கள் மண் பரிசோதனை அலுவலகத்தில், களப்பணியாளர்கள் கையில் வாட்ச் கட்டச் சொன்னது நான்தான். அதுவரை அவர்கள் நடக்கும் அடிகளை எண்ணியது போன். ஆண்களின் போன் சட்டைப்பையில் இருக்கும்; பெண்களின் போன் கைப்பையோடு எங்காவது கிடக்கும்; சேலைக்குப் பாக்கெட் கிடையாது. எனவே வாட்ச்தான் நியாயம் என்று காரணங்களை எண் போட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளைப் பார்த்தால் இப்போதும் கிழிக்கத் தோன்றுகிறது.

முதல் மாத முடிவில், கல்வராயன் மலையில் மண் எடுக்கும் அக்காவின் பெயர் மட்டும் சிவப்பில் வந்தது. எல்லோரையும் விடக் குறைந்த அடிகள். அவருடைய வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் என்றார் மேற்பார்வையாளர்.

"மரத்தடியில குந்திக்கினு பொழுத ஓட்டிட்டு வருது. வாட்ச்சு பொய் சொல்லுமாம்மா?"

மறுநாள் அக்காவோடு மலைக்குப் போனேன். சாமைக் கொல்லையில் எடுத்த மண்ணை மூட்டையாகக் கட்டித் தலையில் ஏற்றினார். இரண்டு கைகளும் மேலே போய் மூட்டையைப் பிடித்துக்கொண்டன. போனை இடுப்பில் செருகியிருந்தார். அங்கேயே புரிந்துவிட்டது. வீசாத கையில் வாட்ச் எதை எண்ணும்?

இருந்தாலும் சோதித்தேன். பின்னாலேயே நடந்து, அவர் வைத்த நூறு அடிக்கு ஒரு கூழாங்கல் பொறுக்கினேன். பஸ் நிற்கும் இடம் வரை இருபது கற்கள். போனில் முப்பது அடிதான் குறைந்தது. வாட்ச்சில் இருநூறுகூட ஏறவில்லை.

கணக்கை அக்காவிடம் சொன்னேன். அக்கா மூட்டையை இறக்காமலே கேட்டார்: "அப்ப நான் நடக்கலன்னு நெனச்சிக்கினுதான் நீயும் வந்தியா பாப்பா?"

நினைத்திருந்தேன்.

மறுநாள் காலை எண்களை மேற்பார்வையாளர் முன் வைத்தேன். கூடவே இன்னொன்றையும். கல் பெயர்ந்த மலைப்பாதையில் அவர் பைக் ஓட்டிய ஒரு மணி நேரத்தில், அவரும் கட்டியிருந்த வாட்ச் அறுநூறு அடி எண்ணியிருந்தது.

அவர் அசரவில்லை. "அப்ப கைய வீசிக்கினு நடக்கச் சொல்லு."

மண் மூட்டையை மேசைமேல் வைத்தேன். "நீங்க நடந்து காட்டுங்க சார்."

"தலைக்குச் சும்மாடு சுத்தித் தரட்டுமா சார்?" என்றார் ஜீப் டிரைவர். எல்லோரும் சிரித்ததில் ரோஷம் வந்து மேற்பார்வையாளர் மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தார். மூன்று அடி கை வீசினார், மூட்டை சரிந்தது, இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கேட் வரை போய்த் திரும்புவதற்குள் டிரைவர் உரக்க எண்பது எண்ணிவிட்டார். வாட்ச்சில் ஏறியது ஒன்பது.

"சரி, சரி. போன் கணக்கையே போடு."

ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அக்காவுக்கு அனுப்பும் கடிதத்தில், அடிகள் குறைந்ததற்குக் காரணம் 'கருவிக் கோளாறு' என்று மேற்பார்வையாளர் எழுதியிருந்தார். கருவியில் ஒரு கோளாறும் இல்லை. அதை அடித்துவிட்டு, வாட்ச்சைப் பரிந்துரைத்தது நான், விசாரிக்காமல் குற்றம் சொன்னது அவர் என்று எழுதி நீட்டினேன். அவர் கையெழுத்துப் போடும் வரை எதிரிலேயே நின்றேன்.